ஊரார் கையில் ஒரு வம்சாவளி

பூர்வீகம் தேடுவதை நாம் சொந்த வேலை என்றுதான் நினைக்கிறோம். என் பாட்டன், என் பூட்டன், என் குடும்பப் பெயர். இதில் வெளியாளுக்கு என்ன வேலை என்று தோன்றும். அமெரிக்காவிலோ கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருந்துகொண்டு அயர்லாந்து, ஸ்காட்லாந்து முன்னோரைத் தேடுகிறவர்களும் பெரும்பாலும் இந்த எண்ணத்தோடுதான் இறங்குகிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் முன்பின் தெரியாத ஒருவரைக் கேட்டே ஆகவேண்டிய இடம் வந்துவிடுகிறது. அவர் அதே பங்கில் (தேவாலய வட்டாரத்தில்) வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டிருப்பவராக இருப்பார். அல்லது அந்த வட்டாரத்துக் கல்லறை எழுத்துகளை ஒன்று விடாமல் எழுதி வைத்திருப்பவராக இருப்பார். இப்படிக் கிடைக்கும் உதவியை ஆவணங்கள் கைவிட்டபின் தேடிப்போகும் கடைசிப் புகலிடமாகச் சொல்வது வழக்கம். அது சரியல்ல என்பது என் கருத்து. இந்த இரு நாடுகளிலும் ஆவணங்கள் உருவானதையும் அழிந்ததையும் பார்த்தால், சக தேடுநரின் உழைப்பு அங்கே ஆவணத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது தெரியும்.

அயர்லாந்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821, 1831, 1841, 1851 குடிக்கணக்குகளில் சில துண்டுகள் தவிர மற்றதெல்லாம் போயின. மூல உயில்கள் ஏறக்குறைய முழுதும் போயின. ஆங்கிலிக்கன் பிரிவான அயர்லாந்து திருச்சபை தன் பங்குப் பதிவேடுகளில் பாதிக்கு மேல் இழந்தது. எல்லாப் பழியையும் நெருப்பின்மேல் போடவும் முடியாது. 1861, 1871 கணக்குகளை அரசே முன்னதாக அழித்துவிட்டிருந்தது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாகிவிட்டன. முழுதாக மிஞ்சியவற்றில் பழையது 1901-ஆம் ஆண்டுக் கணக்குதான். பஞ்சம் வாட்டிய 1845 முதல் 1852 வரையிலான ஆண்டுகளில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் கூடுதலானோர் கப்பலேறினார்கள். அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் தேடும் காலமும் கணக்கேடு இல்லாமல் போன காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது எது? யாரோ யாருக்காகவோ எழுதி வைத்த படிகள்தான். டப்ளினில் குலச்சின்ன அலுவலகத்தை நடத்திய வில்லியம் பெதம், 1800-க்கு முந்திய உயில்களின் குடும்ப விவரங்களைச் சுருக்கி எழுதி வைத்தார். கெர்ட்ரூட் த்ரிஃப்ட், டெனிசன் குரோவ்ஸ் போன்ற ஆய்வாளர்கள் தீ விபத்துக்கு முன்பே அந்தக் காப்பகத்தில் உட்கார்ந்து தங்களுக்கு வேண்டியதைப் படியெடுத்தார்கள். தாங்கள் எழுதும் தாளே ஒருநாள் மூலமாகப் போகிறது என்று அவர்கள் எண்ணியிருக்க வழியில்லை. முதியோர் உதவித்தொகை விண்ணப்பங்களின் கதை இன்னும் விசித்திரம். 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கொடுக்கத் தொடங்கினார்கள். அயர்லாந்தில் பிறப்புப் பதிவு முழுமையாக வந்ததே 1864-இல்தான். வயதைக் காட்டக் கிழவர்களிடம் சீட்டு ஏது? அதனால் 1841, 1851 குடிக்கணக்குகளில் தேடச் சொல்லி மனுப் போட்டார்கள். தேடல் படிவத்தில் மனுதாரரின் பெயர், தகப்பன் பெயர், பிறந்தகத்துப் பெயரோடு தாய் பெயர், பிள்ளைப் பருவத்தில் குடியிருந்த இடம், பங்கு, மாவட்டம் எல்லாம் இருக்கும். கணக்கேட்டில் குடும்பம் அகப்பட்டால் எழுத்தர் அந்த விவரத்தைக் கீழே குறிப்பார். அகப்படாவிட்டால் இல்லை என்று எழுதுவார். கணக்கேடு எரிந்துவிட்டது, படிவம் இருக்கிறது. டிரினிட்டி கல்லூரி முன்னின்று 2022-இல் திறந்த மெய்நிகர் ஆவணக் கருவூலம் இதே தத்துவத்தில்தான் நிற்கிறது. எரிந்தவற்றின் படிகள் உலகத்தில் எங்கெங்கே கிடக்கின்றன என்று தேடிச் சேர்க்கிறார்கள்.

அது சரி, அயர்லாந்தின் கதி அப்படி; ஸ்காட்லாந்தில் ஆவணம் ஒழுங்காக இருக்கிறதே, அங்கே பிறர் தயவு எதற்கு என்று கேட்கலாம். ஒழுங்காகத்தான் இருக்கிறது. 1855-இல் தொடங்கிய அரசுப் பதிவில், இறப்புச் சான்றிலேயே தாய் தகப்பன் இருவர் பெயரும், தாயின் பிறந்தகத்துப் பெயரும் உண்டு. அயர்லாந்தின் பழைய இறப்புப் பதிவில் இது கிடையாது. ஆனால் ஸ்காட்லாந்தில் சிக்கல் வேறு மாதிரி. முதல் மகனுக்குத் தகப்பனைப் பெற்ற தாத்தாவின் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயைப் பெற்ற தாத்தாவின் பெயர் என்று வைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. நான்கு அண்ணன் தம்பிகளும் இதைப் பின்பற்றினால், ஒரே பங்கில் ஒரே பெயரில் நான்கு பேரன்கள். மோரே கடற்கரையில் பக்கி போன்ற மீனவ ஊர்களில் கவி, ஸ்மித் என்று ஒருசில குடும்பப் பெயர்களே ஊர் முழுக்க இருந்ததால், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அரசுப் பதிவிலும் அது ஏறியது. எந்தப் பட்டப்பெயர் எந்த வீட்டுக்கு என்பதை, அந்த ஊரையே பல்லாண்டு அலசியவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். மற்றவர்களுக்கு அந்தப் பதிவேடு வெறும் பெயர்க் குவியல்தான்.

இரு நாட்டுக் கதையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பது இன்னொரு காரணம். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துக்காரர்களை அல்ஸ்டரில் குடியேற்றினார்கள்; பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்துக்காரர்கள் பிழைப்புக்காகக் கிளாஸ்கோவுக்குத் திரண்டார்கள். 1841 ஸ்காட்லாந்துக் கணக்கு அவர்களுக்கு ‘ஐ’ என்ற ஓர் எழுத்தோடு நின்றுகொண்டது; பிந்தைய கணக்குகள் பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்பதோடு சரி. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட டவுன்லாண்டுகளாக (சிறு நிலப் பிரிவுகளாக) பிரிந்து கிடக்கும் நாட்டில் அந்த ஒரு சொல்லை வைத்து என்ன செய்வது? விடை வேறிடத்தில் இருக்கிறது. கிளாஸ்கோவின் மிட்செல் நூலகத்தில் உள்ள ஏழையர் நிவாரண மனுக்களில், மனுதாரர் அயர்லாந்தில் எந்த ஊர், பெற்றோர் யார் என்று பல சமயம் விளக்கமாக எழுதியிருக்கிறார்கள். அக்கறையினால் அல்ல, நிவாரணச் செலவை எந்தப் பங்கின் தலையில் கட்டுவது, ஆளைத் திருப்பி அனுப்ப முடியுமா என்று பார்ப்பதற்காக. இப்படி ஓர் இடம் உண்டு என்பது அயர்லாந்துப் பதிவேடுகளை மட்டும் புரட்டுகிறவருக்குத் தெரியாது; கிளாஸ்கோவில் தேடுகிறவருக்குத் தெரியும். சென்னையில் செத்துப்போன ஸ்காட்லாந்துக்காரனின் பேரர்களுக்கும் இதே நிலைதான். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறை எழுத்துத் தொகுப்பு யாருடைய குடும்பத்துக்காகவும் எழுதப்பட்டதல்ல; அதனாலேயே பல குடும்பங்களுக்கு உதவுகிறது.

என் கருத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சக தேடுநர்கள் தருவது எல்லாம் சரியாகவா இருக்கிறது? ஒருவர் ஊகமாகப் போட்ட கொள்ளுத்தாத்தாவை நாற்பது பேர் படியெடுத்தால், நாற்பது சாட்சி இருப்பது போன்ற மயக்கம் வந்துவிடுகிறது. குடும்பப் பெயரைச் சொன்னால் குலச்சின்னம் அச்சடித்துத் தரும் கடைகள் இந்த ஆசையில்தான் பிழைக்கின்றன. ஸ்காட்லாந்துச் சட்டப்படி சின்னம் தனிமனிதனுக்கு உரியதே தவிர, பெயர் ஒத்துப்போகும் எல்லோருக்கும் அல்ல. மறுப்பு நியாயமானது. ஆனால் அது முடிவை இரவல் வாங்குவதற்கு எதிரான வாதம். ஆதாரத்தை வாங்குவதற்கு எதிரானது அல்ல. ‘உங்கள் பூட்டன் இவர்தான்’ என்று ஒருவர் சொன்னால் அது செய்தி. ‘இந்தப் பங்கின் ஞானஸ்நான ஏட்டில், இந்தத் தேதியில், ஞானப்பெற்றோராக இந்த இருவர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் குழந்தையுடைய தாயின் சகோதரனாக இருக்கலாம்’ என்று சொன்னால் அது சான்று. ஐரிஷ் கத்தோலிக்கப் பங்கேடுகளின் படங்களை டப்ளின் தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாகவே காட்டுகிறது. சொன்னது உண்மையா என்று கேட்டவரே பார்த்துக்கொள்ளலாம். தவறு பரவுவது பகிர்வதால் அல்ல. எங்கே பார்த்தோம் என்று சொல்லாமல் பகிர்வதால்.

மரபணுச் சோதனை வந்துவிட்டதே, இனி யாரைக் கேட்கவேண்டும் என்பது இன்னொரு வாதம். சோதனை தருவது தாத்தாவின் பெயரை அல்ல; உங்களோடு மரபணுத் துண்டு ஒத்துப்போகும் உயிருள்ள மனிதர்களின் பட்டியலை. அவர்கள் தம் கொடிவழியைத் தேடி எழுதியிருந்தால்தான் பட்டியலுக்குப் பொருள். தலைமுறைகளாகத் தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்த தீவு ஊர்களில், தூரத்துச் சொந்தமும் நெருங்கிய சொந்தம்போலக் காட்டிவிடும். அதைப் பிரித்தறிய மறுபடி பங்கேட்டுக்கும் அதை அறிந்தவருக்கும்தான் போகவேண்டும். அறிவியல் இங்கே பிறரை விலக்கவில்லை. இன்னும் நெருக்கமாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

கடைசியாக, குடும்ப விஷயத்தை ஊரறியச் செய்வதா என்ற தயக்கம். உயிரோடிருப்பவர்கள் விஷயத்தில் அந்தத் தயக்கம் வேண்டும். அவர்கள் பெயரை விட்டுவிடுவதே மரியாதை. செத்து நூறாண்டு கழிந்தவர்களைப் பற்றிய குறிப்பைப் பூட்டி வைப்பதில் மரியாதை ஏதும் இல்லை. பாஸ்டனில் வந்த பைலட் என்ற ஐரிஷ் கத்தோலிக்கப் பத்திரிகை 1831 முதல் 1921 வரை, காணாமற்போன சொந்தங்களைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. ஏழைக் கூலிகள் காசு கொடுத்து, அண்ணன் எந்தப் பங்கு, எப்போது கப்பலேறினான் என்று ஊரறியச் சொன்னார்கள். வெட்கப்பட்டு வாய்மூடியிருந்தால் அந்த விவரம் அவர்களோடு போயிருக்கும். ஆகவே உதவி கேட்கிறவருக்கு ஒரு கடமை உண்டு: கிடைத்ததை, எங்கே கிடைத்தது என்ற குறிப்போடு, தனக்குச் சம்பந்தமில்லாத பக்கத்துக் குடும்பத்தின் விவரத்தையும் சேர்த்து, வெளியே வைப்பது. தன் பாட்டனை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகிறவர் தேடலைப் பாதியில் விட்டவர்தான். அவர் ஒதுக்கித் தள்ளிய வரியில் யாருடைய பாட்டன் இருந்தார் என்பது அவருக்குத் தெரியப்போவதில்லை.