பூனை மணலின் மாதக் கணக்கு

தானியங்கிப் பூனைக் கழிவுப்பெட்டி என்பது, பூனை வந்துபோன சில நிமிடங்களில் மணலைத் தானே சலித்து, கட்டிபட்ட கழிவைக் ‘கழிவறை’ என்ற தனி அறைக்குள் தள்ளி மூடிவைக்கும் மின்கருவி. கடையில் ஒட்டியிருக்கும் விலை ஒருமுறை கொடுப்பது. அது ஓடுவதற்கு மணல் வேண்டும், கழிவறைக்குப் பை வேண்டும், வாடையைப் பிடிக்கக் கரி வடிகட்டி வேண்டும். சிலவகைப் பெட்டிகளுக்குத் தனித் தட்டோ கழுவுதிரவமோ கூட வேண்டும். வீட்டில் ஆர்.ஓ. கருவி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை பழக்கமானது: கருவியை ஒரு நாள் வாங்குகிறார்கள், ஃபில்ட்டரை வாழ்நாள் முழுக்க வாங்குகிறார்கள். பூனைப்பெட்டியில் மீண்டும் வாங்கும் இடைவெளி இன்னும் குறுகலானது, மாதக்கணக்கில் வருவது.

கடைகளில் இந்த மணலுக்கு ‘கேட் லிட்டர்’ என்று பெயர். தமிழில் எழுதும்போது அது பாலும் பெட்ரோலும் அளக்கிற லிட்டரோடு குழம்பிவிடுகிறது; ஐந்து லிட்டர் லிட்டர் என்று எழுத நேரும். ஆகவே இங்கே பூனை மணல் என்றே வருகிறது, மண்ணாக இல்லாத இடத்திலும்.

பூனைக்கு மணல் காசு கொடுத்து வாங்கும் பொருளானதே பழைய வழக்கமல்ல. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், காசோபோலிஸ் என்ற சிற்றூரில், பக்கத்து வீட்டுப் பெண்மணி தன் பூனைக்காக எட் லோ என்ற இளைஞரிடம் கொஞ்சம் மணல் கேட்டார். குளிரில் அந்தப் பெண்மணி வீட்டு மணற்குவியல் உறைந்து போயிருந்தது. சாம்பல் போட்டால் வீடெங்கும் பூனையின் காலடித் தடம். தொழிற்கூடங்களில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்காக லோவின் குடும்பம் விற்றுவந்த உலர்களிமண் குருணையில் ஒரு பையை அவர் கொடுத்தார். முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டியின் இனத்தைச் சேர்ந்த மண் அது. பிறகு 5 பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ, பையை 65 சென்ட் விலையில் கடைக்குக் கொண்டுபோனார். வெறும் மணல் ஏறக்குறைய சும்மா கிடைக்கும்போது இதை எவர் வாங்குவார் என்ற சந்தேகம் கடைக்காரருக்கு இருந்தது. முதல் பைகள் இலவசமாகவே போயின. அடுத்த பைக்குக் காசு கொடுக்க வாடிக்கையாளர்கள் தயாராக இருந்தார்கள். வீட்டுச் செலவுப் பட்டியலில் பூனை மணலுக்கு ஒரு வரி விழுந்தது அப்போதுதான்.

அந்தக் களிமண் ஈரத்தை உறிஞ்சும், ஆனால் கட்டிபடாது. 1980களில் டெக்சாஸைச் சேர்ந்த உயிர்வேதியியலாளர் தாமஸ் நெல்சன், பென்டோனைட் என்ற களிமண் ஈரம் பட்டதும் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பூனை மணலுக்குப் பயன்படுத்தினார். ஈரமான இடம் மட்டும் உருண்டையாகி வருவதால் அதை மட்டும் அள்ளினால் போதும். சலித்துப் பிரிக்கும் கருவிகள் பெருகியதற்கு இந்த உருண்டையே காரணம். மனிதக் கை கரண்டியால் செய்வதைச் சீப்புப் போன்ற வாருகோலோ சுழலும் உருளையோ செய்கிறது. இதிலிருந்து செலவைப் பற்றிய முதல் விதியும் கிடைக்கிறது: சலிக்கும் இயந்திரத்துக்கு நன்றாகக் கட்டிபடும் மணல்தான் ஆகும். விலை குறைவென்று மட்டமான மணலைப் போட்டால் உருண்டை நடுவில் உடையும், நொறுங்கிய பகுதி நல்ல மணலோடு கலக்கும், சில நாளில் முழுத் தொட்டியையும் கொட்ட நேரிடும். மூட்டையில் மிச்சம் பிடித்த காசு குப்பையோடு போய்விடும்.

பென்டோனைட் எரிமலைச் சாம்பல் உருமாறிய களிமண். இந்தியாவில் குஜராத்தின் கட்ச் பகுதியில் இது பெருமளவு தோண்டப்படுகிறது. பூனை மணலாகவே பதப்படுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. கனமான சரக்கு என்பதால் போக்குவரத்துச் செலவு விலையில் கணிசமாகச் சேரும். ஒரே மணலுக்கு ஊருக்கு ஊர் விலை மாறுவதில் இதற்கும் பங்குண்டு.

ஒரு பூனைக்கு மாதம் எவ்வளவு மணல்? பையின் மேல் அச்சிட்ட ‘இத்தனை நாள் வரும்’ என்ற வாக்கியத்தை விடப் பூனையின் சிறுநீர்ப்பையே இதற்கு நம்பகமான அளவுகோல். 4 கிலோ எடையுள்ள நலமான பூனை நாளுக்கு ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் சிறுநீர் கழிக்கிறது என்று கொள்ளலாம். ஒரு பங்கு ஈரத்தோடு இரண்டு பங்கு மணல் ஒட்டிப்போகிறது என்று வைத்தால் நாளுக்கு 200 கிராம், மாதத்துக்கு 6 கிலோ. மலத்தோடு ஒட்டுவதும், பாதத்தில் ஒட்டி வீட்டுக்குள் இறைவதும் சேர்ந்து 7 கிலோ ஆகும். கணக்குத் தொடங்க இது போதும். திருத்திக்கொள்ளச் சமையலறைத் தராசு ஒன்றே போதுமானது: புதுப் பையைப் பிரித்த நாளைப் பையின் மேலேயே எழுதிவைத்து, தீர்ந்த நாளோடு ஒப்பிட்டால் அந்த வீட்டின் உண்மையான அளவு தெரிந்துவிடும்.

இந்த அளவு எல்லா வீட்டிலும் ஒன்றாக இராது. உலர்தீனியில் நீர் பத்து விழுக்காடு அளவில்தான். டப்பாவில் வரும் ஈரத்தீனியில் முக்கால் பங்குக்கும் மேல் நீர். ஈரத்தீனிப் பூனை அதிகம் சிறுநீர் கழிக்கும், அதிகம் மணல் கேட்கும். அதைச் செலவென்று பார்த்துத் தீனியை மாற்றுவது கெட்ட சிக்கனம். பூனை உடம்புக்கு நீர் போவது நல்லது. தீனி மாறாமல் மணல் செலவு மட்டும் ஏறினால் அதைக் கவனிக்க வேண்டும். வயதான பூனைகளுக்கு வரும் நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, தைராய்டு மிகைப்பு மூன்றிலும் சிறுநீர் கூடும். 7 கிலோவில் தீர்ந்த மாதம் 10 கிலோ கேட்கத் தொடங்கினால் கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது முறை. இயந்திரம் கழிவைக் கண்ணுக்கு மறைத்துவிடுவதால், கரண்டி பிடித்தவருக்குத் தானாகத் தெரிந்த இந்த மாற்றம் இப்போது செலவுக் கணக்கு வழியாகவே தெரியவருகிறது. மணல் செலவு திடீரென்று குறைவதும் நல்ல செய்தியாக இருக்க வேண்டியதில்லை. ஆண் பூனைக்குச் சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொள்வது ஓரிரு நாளிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது.

மணல் அளவு தெரிந்தபின் இயந்திர வகையைப் பார்க்கலாம். உண்மையில் வாங்குபவர் தேர்ந்தெடுப்பது இயந்திரத்தை அல்ல, அதற்குப் பின் வரும் பொருள்களை.

ஒரு வகை சுழலும் உருளை. 2020களில் அமெரிக்கச் சந்தையில் இதில் பெயர்பெற்ற பெட்டி 700 டாலர் அளவில் விற்றது. இது கடையில் கிடைக்கும் எந்தக் கட்டிபடும் களிமண் மணலையும் ஏற்கும். கழிவறைக்குச் சமையலறைக் குப்பைப்பையே பொருந்தும். இன்னொரு வகை, சிலிக்கா ஜெல் படிகம் நிரப்பிய அட்டைத்தட்டின் மேல் வாருகோல் ஓடும் பெட்டி. புதுச் செருப்புப் பெட்டிக்குள் வரும் சின்னப் பொட்டலத்தில் இருப்பதும் இதே சிலிக்கா ஜெல்தான். கட்டிபடாது, சிறுநீரை உறிஞ்சிக்கொண்டு நீரை மெல்ல ஆவியாக விடும். திடக்கழிவை மட்டும் வாருகோல் ஓர் ஓரத்துக்குத் தள்ளும். படிகத்தின் கொள்ளளவு நிறைந்ததும் தட்டோடு தூக்கி எறிந்து புதுத் தட்டு வைக்க வேண்டும். அதே காலத்தில் இந்தப் பெட்டி 150 டாலர் அளவிலேயே கிடைத்தது. பார்த்தவுடன் எது மலிவு என்று கேட்க வேண்டியதில்லை.

வழியைக் காட்ட முழு எண்களில் ஒரு கணக்கு. பெட்டி ஐந்து ஆண்டு உழைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உருளை வகையில் ஒரு பூனைக்கு மாதம் மணல் 9 டாலர், பை 1 டாலர், கரி வடிகட்டி 2 டாலர்; ஆக 12. அறுபது மாதத்துக்கு 720, இயந்திரத்தோடு 1420 டாலர். தட்டு வகையில் மாதம் ஒரு தட்டு 20 டாலர் என்றால் அறுபது மாதத்துக்கு 1200, பெட்டியோடு 1350. ஐந்து ஆண்டில் வேறுபாடு எழுபது டாலர்தான்; ஒற்றைப் பூனை வீட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. இரண்டாவது பூனை வந்ததும் நிலைமை புரண்டுவிடுகிறது. தட்டு பாதி நாளில் நிறையும். மாதம் 40, ஐந்து ஆண்டில் பெட்டியோடு 2550. உருளையில் மணலும் பையும் இரட்டிப்பாகும், வடிகட்டி அப்படியே. மாதம் 22, இயந்திரத்தோடு 2020. மலிவாக வாங்கிய பெட்டி ஐந்நூறு டாலருக்கு மேல் கூடுதலாகக் கேட்கிறது. தெருவிலிருந்து இன்னொரு குட்டி வந்து சேரும் வாய்ப்புள்ள வீடுகள் வாங்கும்போதே இரண்டு பூனைக்குக் கணக்கிடுவது நல்லது. அப்படி ஒரு குட்டி வராத பூனைவீடு அபூர்வம்.

தட்டு வகையிலும் ஒரு குறுக்குவழி உண்டு. அதே அளவில் உலோகத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன நிரந்தரத் தட்டை வேறு தயாரிப்பாளர்கள் விற்கிறார்கள். உதிரியாகப் படிகம் வாங்கி நிரப்பினால் மாதச் செலவு இறங்கும். பதிலுக்குத் தட்டைக் கழுவும் வேலை திரும்பி வரும், அந்த வேலையிலிருந்து தப்பத்தான் பெட்டியே வாங்கப்பட்டது.

மூன்றாவது வகை தண்ணீர்க் குழாயோடும் கழிவுநீர்க் குழாயோடும் இணைவது. கேட்ஜீனி என்ற பெட்டி இந்த வகையைச் சேர்ந்தது. இதில் மணலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குருணை; ஒவ்வொரு சுற்றிலும் கழுவி உலர்த்தி மீண்டும் பயன்படும். மணல் செலவு இல்லை, பை செலவு இல்லை. இருப்பது கழுவுதிரவக் கார்ட்ரிட்ஜ். அதிலிருந்த சிறு சிப் கழுவல்களை எண்ணிவந்தது. எண்ணிக்கை தீர்ந்தால் புதுசுதான் போட வேண்டும், வீட்டில் நிரப்பி ஓட்ட முடியாது. 120 கழுவலுக்கான கார்ட்ரிட்ஜ் நாளுக்கு இரண்டு சுற்று ஓட்டினால் இரண்டு மாதம், நான்கு ஓட்டினால் ஒரு மாதம். சில பயனர்கள் அந்தச் சிப்பை ஏமாற்றும் சிறு மின்பலகைகளையே செய்துகொண்டார்கள். பிரிண்டரை மலிவாகக் கொடுத்து மையில் வாங்கிக்கொள்ளும் அதே வியாபாரம்தான். ஒரு பொருளை ஒரே ஒருவரிடம்தான் வாங்க முடியும் என்றால் அதன் இன்றைய விலையை வைத்து ஐந்து ஆண்டுக் கணக்குப் போடுவது ஆபத்து. அந்த விலையை நாளை உயர்த்துபவரும் அவர்தான்.

பையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தயாரிப்பாளரின் பெயர் அச்சிட்ட பைக்கும் சாதாரணக் குப்பைப்பைக்கும் பூனை வேறுபாடு பார்ப்பதில்லை.

கரி வடிகட்டியின் கதை கொஞ்சம் வேறு. சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் உடைக்கும்போது அம்மோனியா எழுகிறது. மூக்கைத் துளைப்பது அதுதான். கிளர்வூட்டிய கரி தன் நுண்துளைகளின் பரப்பில் வாடை தரும் மூலக்கூறுகளைப் பிடித்துவைக்கிறது. இதற்குத் தேங்காய்ச் சிரட்டைக் கரி உகந்த மூலப்பொருள். காங்கேயம் பக்கத்தில் எரிக்கிற கரியும் இலங்கையின் சிரட்டைக் கரியும் உலகமெங்கும் வடிகட்டிகளாகின்றன. ஆனால் வெறும் கரி அம்மோனியாவை அவ்வளவு நன்றாகப் பிடிப்பதில்லை. அதனால் நாறும் பெட்டிக்கு வடிகட்டியை அடிக்கடி மாற்றுவதை விட, கழிவறையை இரண்டு நாள் முன்னதாகக் காலிசெய்வது மலிவு, பலனும் அதிகம். ஒரு பூனைக்கு வாரம் ஒரு பை என்ற இடத்தில் ஐந்து நாளுக்கு ஒரு பை போட்டாலும் மாதம் கூடுவது ஓரிரு பைதான்.

முன்னதாகக் காலிசெய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூனை மலத்தில் வரக்கூடிய டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணியின் முட்டைக்கூடுகள், வெளியேறி ஒன்று முதல் ஐந்து நாளில்தான் தொற்றும் தன்மை பெறுகின்றன. தினமும் அள்ளி எறியும் வீட்டில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. இயந்திரமோ கழிவைப் பிரிக்கிறதே தவிர, வீட்டை விட்டு வெளியே அனுப்புவதில்லை. ஒரு வாரம் தன் வயிற்றிலேயே வைத்திருக்கிறது. ஆகவே கையுறை ஒரு பெட்டி மாதப் பட்டியலில் சேர வேண்டும். கர்ப்பிணிகள் பெட்டியின் கழிவறையைத் தொடாமலிருப்பது நல்லது. களிமண் மணலைக் கழிப்பறையில் கொட்டுவதும் கூடாது: குழாய்க்குள்ளும் அது உப்பத்தான் செய்யும், பிறகு பிளம்பர் கூலி தனிக் கணக்காக வந்து நிற்கும்.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது பொருளைப் பொறுத்தது. பென்டோனைட் உலர்ந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் கெடாது. கனம் தூக்க ஆளிருந்தால் பெரிய மூட்டையே சிக்கனம். சிலிக்கா ஜெல் அப்படியல்ல. காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்வதால், கடலோர ஊர்களில் பிரித்துவைத்த பை பூனை வருவதற்கு முன்பே பாதி நிறைந்துவிடும். சோயாச் சக்கை, மக்காச்சோளம், கோதுமை போன்றவற்றில் செய்த மணல்கள் ஈரக்காலத்தில் பூஞ்சணம் பூக்கும், வண்டும் விழும். இவற்றை ஒரு மாதத்துக்கு மேல் சேர்ப்பது வீண். மாதாமாதம் தானாக வந்திறங்கும் சந்தா முறையில் கிடைக்கும் தள்ளுபடி நியாயமானதுதான், தேவையளவு தெரிந்த பிறகு எடுத்தால். முதல் மாதமே எடுத்தவர்கள் வீட்டில் கட்டிலுக்கடியில் மூட்டைகள் சேர்கின்றன. உருளைக்குள் குறித்த கோட்டுக்கு மேல் மணல் கொட்டுவதும் இதே போன்ற வீண்செலவு. மிகையான நல்ல மணல் சுழற்சியில் கழிவறைக்குள் போய்விடும்.

கடைசியாக ஒரு சிறு ஒதுக்கீடு. பூனை புது மணலை ஏற்காமல் சோபாவில் போகத் தொடங்கினால் பிரித்த மூட்டை நட்டம். வாசனையில்லாத, நுண்ணிய பொடிமணலையே பெரும்பாலான பூனைகள் விரும்புவதால், வகை மாற்றும்போது பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போவது வழக்கம். அந்த மாதம் இரண்டு மூட்டை ஓடும். உத்தரவாதக் காலம் முடிந்த பின் மோட்டாரோ உணரியோ பழுதாகலாம். மாதம் மூன்று நான்கு டாலர் ஒதுக்கினால் அதற்கு ஆகும். பழுதுக்குப் போன வாரத்திலும் மின்சாரம் போன இரவிலும் பூனை காத்திருக்காது. அதற்காக ஒரு சாதாரணத் தட்டும் சல்லடைக் கரண்டியும் பரணில் இருக்க வேண்டும். உருளை வைத்திருப்பவர்கள் அந்தத் தட்டுக்குத் தனியாக மணல் வாங்க வேண்டியதில்லை; அதே மூட்டையிலிருந்து கொட்டிக்கொள்ளலாம்.