பத்து நிமிட நடை

சிங்கப்பூர் அரசு தனக்கு ஓர் இலக்கு வைத்திருக்கிறது. 2030க்குள் நாட்டின் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பத்து நிமிடம் நடந்தால் ஒரு பூங்கா வந்துவிட வேண்டும். இதைப் பத்திரிகையில் முதன்முதலாகப் படித்தபோது அந்தப் பத்து நிமிடத்திலேயே என் மனம் நின்றுவிட்டது. எத்தனை ஏக்கர், எத்தனை கோடி என்று பூங்காக் கணக்குக் கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே கணக்கு வீட்டு வாசலில் செருப்பு மாட்டும்போதே தொடங்கிவிடுகிறது.

நான் வடசென்னையின் திருவொற்றியூர்க்காரன். தேரடிக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் தெரு. வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து, இங்கேயே குடும்பமாகி, தீவின் மேற்குக் கரைப் பக்கம் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். ஒரு துறைமுகத்தை அடுத்துப் பிறந்தவனுக்கு வாய்த்ததும் இன்னொரு துறைமுகத்தை அடுத்த வாழ்க்கைதான். பாசிர் பாஞ்சாங் முனையத்தின் கிரேன்கள் இரவு முழுக்க விளக்கோடு நிற்கும். அதை ஒட்டியபடியே வெஸ்ட் கோஸ்ட் பூங்கா, சுமார் 50 ஹெக்டேர். கடலைத் தூர்த்து எடுத்த நிலம். குடியிருப்புகளுக்கும் அந்தப் பூங்காவுக்கும் நடுவில் ஒரு நெடுஞ்சாலை ஓடுகிறது. கன்டெய்னர் லாரிகளுக்கும் அதில் குறைவில்லை. ஆனால் நடந்து போகிறவர்களுக்கு மேம்பாலம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தனியாகவே போய் வருகிறார்கள்.

அம்மா ஒருமுறை இங்கே வந்து தங்கியிருந்தார். எங்கள் புளோக்கில் இருக்கும் ஒரு சீன மூதாட்டியோடு எப்படியோ சிநேகமாகிவிட்டது. இவருக்கு மாண்டரின் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. காலையில் இருவரும் சேர்ந்து நடக்கக் கிளம்பிவிடுவார்கள். வழியில் ஒரு சிக்னல். அங்கே கம்பத்தில் இருக்கும் சிறு பெட்டியில் அந்த மூதாட்டி தன் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டுவார். பச்சை விளக்கு வழக்கத்தைவிடச் சில நொடிகள் கூடுதலாக எரியும். முதியவர்களின் நடைவேகத்துக்கு வழக்கமான நேரம் போதாது என்று 2009இல் நிலப் போக்குவரத்து ஆணையம் கொண்டுவந்த ஏற்பாடு அது. அம்மாவுக்கு இது பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. பிடிபட்ட அன்று வீட்டுக்கு வந்து, "இதுக்குன்னு ஒருத்தன் ஒக்காந்து யோசிச்சிருக்கான் பாருடா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியைப் பார்த்து எனக்குச் சந்தோஷமும் வந்தது, கோபமும் வந்தது.

கோபத்துக்குக் காரணம் உண்டு. திருவொற்றியூரில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு பூங்காவின் பின்சுவர் இருக்கிறது. சுவருக்கு மேலே வேப்பமரத்தின் தலை தெரியும், ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிடுவது கேட்கும். வாசல் மட்டும் மறுபக்கம், லாரிகள் போகிற சாலையில். தெருவிலிருந்து வெளியே வந்து, சாலையோரமாகவே சுற்றிப் போனால்தான் உள்ளே நுழையலாம். நடைபாதை என்று சொல்லக்கூடியது அங்கே இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் மூடி இல்லாத கால்வாய், டிரான்ஸ்ஃபார்மர், அதற்கப்புறம் நிறுத்திவைத்த லாரி. ஒரு காலத்தில் பின்சுவரில் நாலைந்து செங்கல்லை யாரோ பெயர்த்து, ஆள் குனிந்து போகிற அளவுக்கு வழி செய்திருந்தார்கள். பிள்ளைகள் அதில்தான் போய் வந்தார்கள். பிறகு அதை அடைத்துவிட்டார்கள். பாதுகாப்பு என்றார்கள். அந்த இடத்தில் ஒரு சின்ன கேட் வைக்கலாமே என்று தெருக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். மனு கொடுத்ததோடு சரி.

அம்மா இப்போது மொட்டை மாடியில்தான் நடக்கிறார். காயப்போட்ட புடவைகளுக்கு நடுவே, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி. "பார்க்குக்குப் போயேம்மா" என்று போனில் சொன்னால், "அந்த ரோட்டத் தாண்டி உசுரோட போய்ச் சேந்தாதானடா பார்க்கு" என்கிறார்.

அந்த ரோட்டைப் பார்த்தவர்களுக்கு இது மிகையாகத் தெரியாது. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் உள்ளே விடுவது தாமதமானால் டிரெய்லர்களின் வரிசை காசிமேடு, தண்டையார்பேட்டை தாண்டி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கிலோமீட்டர் கணக்கில் நீளும். ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியிலேயே ஸ்டவ் வைத்துச் சோறு பொங்குவார்கள். குளிக்கவோ கழிப்பிடம் போகவோ வசதியில்லாமல் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவில் இருக்கும் இடுக்கில் புகுந்துதான் இந்தப் பக்கத்து ஜனம் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. ஓட்டுநர் இருக்கை உயரத்திலிருந்து, வண்டிக்கு முன்னால் நெருங்கி நிற்கும் ஒரு குழந்தை கண்ணில் படாது. வரிசை நகர்ந்தால் தீர்ந்தது. மேற்கே குடியிருப்பவர்களுக்கு இதோடு ரயில் பாதையும் குறுக்கே. கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை அந்தத் தண்டவாளம் ஊரை நெடுக இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது.

வடசென்னைக்குக் காற்று வாங்க இடமே இல்லாமல் இருந்ததில்லை. ராயபுரம் ராபின்சன் பூங்கா, பிற்பாடு அறிஞர் அண்ணா பெயரைப் பெற்ற பூங்கா, எல்லோருக்கும் தெரிந்தது. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் அங்கேதான் நடந்தது. சைக்கிளும் கால்களுமே வாகனமாக இருந்த ஜனங்கள் வந்து சேரக்கூடிய இடத்தில் ஒரு திறந்த வெளி இருந்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

கடற்கரையின் கதை இன்னும் கசப்பானது. நம் கரையோர மணல் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் எழுப்பிய சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவுசாலை அமைத்தார். வடக்கே வரவேண்டிய மணல் வராமல் போக, கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர்ப் பக்கம் வரை மீனவர் வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. இப்போது கரையைக் காப்பது கருங்கல் குவியல். நகரம் முழுவதும் மாலையில் போய்க் காற்று வாங்கும் மெரினாவின் அகலத்தில் எங்கள் ஊர் இழந்த மணலும் இருக்கிறது. வடசென்னைக்காரன் ஒரு பூங்காவுக்கு வழி கேட்டால் அதைச் சலுகையாக நினைக்காதீர்கள். அது பழைய பாக்கி.

சரக்குக்கு வழி செய்வதில் யாரும் சுணங்குவதில்லை என்றும் சொல்ல முடியாது. துறைமுகம் – மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டி, 2012இல் வேலை நின்று, 2022இல் ஈரடுக்குப் பாலமாக மறுபடியும் அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 20 கிலோமீட்டர். அது வரட்டும், வந்தால் நல்லதுதான். ஆனால் அது பல ஆயிரம் கோடி ரூபாய் வேலை. எங்கள் தெருக் கோடியில் சுவரை இடித்து ஒரு கேட் வைக்கவும், சாலையில் ஒரு சிக்னலும் வேகத்தடையும் போடவும் எவ்வளவு ஆகும்?

சட்டமும் கொள்கையும் கைவசம் இருக்கின்றன. பூங்கா நிலங்களைக் காக்க 1959லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் போக்குவரத்துக் கொள்கையை இந்திய நகரங்களில் முதலில் ஏற்றுக்கொண்டது சென்னை மாநகராட்சிதான், 2014இல். போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் இவர்களுக்கே என்றது அந்தக் கொள்கை. தடையில்லாத நடைபாதை, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்திருப்பதைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். எங்கள் திருவொற்றியூர் ஹை ரோட்டுக்கு அதில் பாதி வந்தாலும் போதும்.

சிங்கப்பூரிலும் எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. இந்தப் பூங்காக்களில் வெயிலில் புல் வெட்டுகிறவர்களில் நம் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பையன்களும் இருக்கிறார்கள். வேலை முடிந்ததும் லாரியின் பின்னால் உட்கார்ந்து தொலைவிலுள்ள விடுதிக்குப் போகிறார்கள். அவர்கள் வாசலிலிருந்தும் பத்து நிமிடத்தை அளக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனாலும் அளக்கும் முறை சரியானது. அதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை 2023–24 நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாயோடு அறிவித்தார்கள். பிறகு தொகை பல மடங்கு கூடிவிட்டது. பூங்கா, கடற்கரைச் சீரமைப்பு என்று பட்டியல் நீளமாகவே இருக்கிறது. ஒவ்வொரு பூங்காவுக்கும் இன்னும் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: சுற்றியிருக்கும் தெருக்களிலிருந்து எழுபது வயதுக்காரர் ஒருவர் எந்த வழியாக, எந்த இடத்தில் சாலையைக் கடந்து உள்ளே வருவார்? அதற்குப் பதில் எழுத முடியாத பூங்காவுக்கு ரிப்பன் வெட்ட வேண்டாம்.

ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் வார்டில் அடுத்த பகுதி சபைக் கூட்டம் எப்போது என்று கேட்டு வையுங்கள். தெருவிலிருந்து பூங்கா வாசல் வரை ஒருமுறை வயதானவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். எங்கே நடைபாதை இல்லை, எங்கே கடக்க முடியவில்லை, எந்தச் சுவரில் கேட் வேண்டும் என்று குறித்துக்கொண்டு போய், கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.