பரணில் கிடந்த .310

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி கிடக்கிறவர்கள் கட்டாயம் முழுதும் படியுங்கள். மற்றவர்களும் படிக்கலாம், நம் பக்கத்துக் கதைதான்.

ஜவ்வாது மலையடிவாரத்து மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். பெயர் வேண்டாம். மூன்றாம் வகுப்பில் என்னிடம் வாய்ப்பாடு படித்த பிள்ளை, இப்போது அவருடைய பெண்ணே கல்லூரிக்குப் போகிறாள். அப்பா காலமாகி ஆறு மாதம் ஆகிறது. பரணை ஒழித்தபோது சாக்கில் சுற்றிய ரைபிளும் ஒரு தகர டப்பாவும் கிடைத்திருக்கின்றன. "அம்மா கெணத்துல போட்டுடுன்றாங்க சார். தம்பி, மலைமேல கேக்கறாங்க, வித்துடலாம்ன்றான். எனக்கு தாத்தா ஞாபகமா வச்சிக்கணும்னு ஆசை. என்ன பண்றது?"

மூன்றுமே வேண்டாம் தம்பி என்றேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தத் துப்பாக்கியைப் பற்றி.

என் பெரியப்பாவிடமும் ஒரு துப்பாக்கி இருந்தது. மல்லாட்டைக் கொல்லையில் காட்டுப்பன்றி விரட்டுவதற்காகப் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் வாங்கியது. குழல் வாய் வழியாகவே எல்லாம் போக வேண்டும். கருமருந்து, தேங்காய் நார், ரவை, மறுபடியும் நார், நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிப்பது, கடைசியில் பின்பக்கம் ஒரு கேப்பு. ஒரு வெடி வெடித்து அடுத்ததற்குக் கெட்டிப்பதற்குள் பன்றி பக்கத்து ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும். அந்த வகைத் துப்பாக்கிக்குத் தோட்டாவே தேவையில்லை. அதனால்தான் நூறு வருடம் ஆனாலும் அது சாவதில்லை. நாட்டுத் துப்பாக்கி, பால்ரஸ் குண்டு என்று இன்றும் செய்தித்தாளில் படிக்கிறோமே, அது இந்த வகைதான்.

ரைபிள் அப்படியில்லை. அதற்கென்றே அளவெடுத்துச் செய்த தோட்டா வேண்டும். அந்தத் தோட்டா நின்றுபோனால் துப்பாக்கியும் வெறும் இரும்புதான்.

படத்தில் இருந்தது மார்ட்டினி வகை. கைப்பிடிக்குக் கீழே உள்ள நெம்புகோலை இறக்கினால் அறை திறக்கும், ஒரே ஒரு தோட்டா வைக்கலாம். குழலில் 310 என்ற எண். அங்குலத்தில் .310, அதாவது எட்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இங்கிலாந்தில் கிரீனர் கம்பெனி 1900-ஐ ஒட்டிக் கொண்டுவந்த அளவு இது. மாணவர் படைக்குச் சுடப் பழக்குவதற்காக வந்தது என்பதால் 'கேடட்' என்றே பெயர். ஆஸ்திரேலிய அரசு தன் பள்ளி மாணவர் படைக்கு இதை நிறைய வாங்கியது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த தாத்தாவுக்கு, சுதந்திரத்துக்குப் பிறகு ஊர் திரும்பிய துரையிடமிருந்து முறைப்படி லைசென்ஸோடு வந்ததாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்த இந்தத் தோட்டாவை ஒழித்ததும் இன்னொரு பள்ளிக்கூடத் தோட்டாதான். 1887-ல் அமெரிக்காவில் வந்த .22. சத்தம் குறைவு, விலை மலிவு. நானே 1970-களில் என்.சி.சி.யில் சுட்டது .22 ரைபிள்தான். சுட்டு முடித்ததும் காலித் தோட்டாவை எல்லாம் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் புல்லில் கிடந்து தேடுவோம். இப்படி உலகமே .22-க்குப் போனதும் .310 போன்ற சின்ன அளவுகளை ஆலைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. .22-ல் வெடிக்கவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். ஒருமுறை சுட்டால் விளிம்பு நசுங்கிவிடும், அவ்வளவுதான். .310-ல் அடிப்பகுதி நடுவில் தனிக் கேப்பு. அதைத் தட்டி எடுத்துப் புதிது பொருத்தி, மருந்து அளந்து போட்டு, ஈயக்குண்டு வைத்தால் அதே பித்தளைக் கூடு மறுபடி தோட்டா ஆகிவிடும். வெளிநாட்டில் இந்தப் பழைய ரைபிள்களை வைத்திருப்பவர்கள் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். கூடு கிடைக்காவிட்டால் அமெரிக்க .32-20 கூட்டைத் தேய்த்து, வெட்டிச் சரிசெய்துகொள்கிறார்கள்.

டப்பாவில் இருந்ததைப் பார்த்தால் தாத்தாவும் அதைத்தான் செய்திருக்கிறார். இடுக்கி மாதிரி ஒரு குண்டு அச்சு. அதில் வார்க்கும் குண்டு ஏறக்குறைய ஒரு பவுன் எடை. ஒரு குட்டி அளவுக் கரண்டி. பதினொரு பித்தளைக் கூடுகள். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு.

அந்த நோட்டைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். பென்சில் எழுத்து. தேதி, எத்தனை கெட்டித்தது, எத்தனை சுட்டது, மீதி எத்தனை. பதினொன்றுக்கு மேல் ஓரிடத்திலும் கணக்கு போகவில்லை. பல மாதங்களில் 'சுட்டது' என்ற இடத்தில் சுழியம்தான். ஒரு கூடு தொலைந்தால் திரும்பக் கிடைக்காது என்று தெரிந்த மனிதர், தேவையில்லாமல் விசையைத் தொடமாட்டார். 1972-க்குப் பிறகு சுட்ட கணக்கே இல்லை. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த வருடம். அதற்காகத்தான் நிறுத்தினாரா என்று கேட்க அவர் இல்லை. இன்று நம் கிரிவலப் பாதை ஓரம் மான் நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமே, கையை அடக்கியவர்களுக்கும் அதில் பங்குண்டு என்று நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது, ஏன் மூன்றும் கூடாது என்பது.

விற்கக் கூடாது. லைசென்ஸ் 2011-க்குப் பிறகு புதுப்பிக்கவில்லை. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை. விற்பதற்குத் தண்டனை இன்னும் கடுமை.

கிணற்றில் போடக் கூடாது. லைசென்ஸ் பதிவில் துப்பாக்கியின் எண் இருக்கும். நாளைக்கு எங்கே என்று கேட்டால் கிணற்றைக் காட்ட முடியுமா?

அப்படியே வைத்துக்கொள்ளவும் கூடாது. லைசென்ஸ் காலாவதியானாலோ வைத்திருந்தவர் இறந்தாலோ தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1959 ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழங்காலத் துப்பாக்கிக்கு 45-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் "இதற்குத் தோட்டாவே கிடைக்காது" என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. பதினொரு கூட்டை வைத்துத் தாத்தா சுட்டாரே!

மாணவர் ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு, தாமதத்துக்கு விளக்கம் எழுதி, ரைபிளையும் அச்சையும் கூடுகளையும் பட்டியல் போட்டு ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டார். வாரிசு உரிமத்துக்கு மனு போட்டிருக்கிறார், முடிவு வரவில்லை. வராவிட்டாலும் நோட்டு வீட்டில் இருக்கிறது. தாத்தா ஞாபகத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? அவர் பெண் அதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருக்கிறாளாம்.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது கிடைத்தால் நான்கு விஷயம்:

உள்ளே தோட்டா இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். நெம்புகோலையோ விசையையோ தொட்டுப் பார்க்க வேண்டாம். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.

எண் நெருக்கமாக இருக்கிறதே என்று வேறு தோட்டாவைப் போட்டுப் பார்க்காதீர்கள். நம் நாட்டில் லைசென்ஸ்தாரர்களிடம் இருக்கும் .315 வேறு, இந்த .310 வேறு. கூடும் வேறு, அழுத்தமும் வேறு.

தாத்தா கெட்டித்தாரே என்று நீங்கள் இறங்க வேண்டாம். தோட்டா தயாரிக்க இன்று உரிமம் வேண்டும்.

சாக்கில் சுற்றி பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள், அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

மலைப்பக்கம் இருக்கும் நம் பிள்ளைகள் இதை ஊரில் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.