பலகைக்குச் சாட்சி சொன்னவர்கள்

தொண்ணூறுகளில் ஒரு ஸ்னோபோர்ட்டைப் பற்றி நம்பக்கூடிய சொல் கேட்க வேண்டுமென்றால் அதற்கு இடம் லிஃப்ட் நாற்காலிதான். நாங்கள் போவது கொலிங்வூட்டுக்கு அருகில் இருக்கும் புளூ மவுண்டன். ஜோர்ஜியன் குடாவைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தச் சரிவு அடியிலிருந்து உச்சிவரை 220 மீற்றர்தான். றொக்கி மலைப் பக்கத்தார் அதை மலைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். ஆனால் மேலே போய்ச் சேரும் அந்தச் சில நிமிடங்கள் ஒரு பலகையின் பூர்வீகம் முழுவதையும் கேட்டு முடிக்கப் போதும். பக்கத்தில் இருப்பவர் முன்பின் தெரியாதவர். ஒரு கால் மட்டும் பூட்டியபடி அவருடைய பலகை அந்தரத்தில் தொங்கும். நம் கண் தன்பாட்டில் அதில் போய் விழும். "இது எப்படி?" என்று கேட்டால் போதும்.

அநேகமாக எல்லாரும் குறையிலிருந்துதான் தொடங்குவார்கள். வேகம் பிடித்தால் மூக்கு நடுங்குகிறது. ஐஸில் பின்பக்கம் இழுபட்டுப் போகிறது. சப்பாத்தைப் பலகையில் பூட்டும் பைண்டிங் பட்டி குளிரில் விறைத்துவிடுகிறது. நல்லது அதற்குப் பிறகுதான் வரும். காசு கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள். எங்களிடம் எதையும் விற்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. மேலே இறங்கும் இடத்தில் அந்தப் பழக்கம் முடிந்துவிடும். பெயர்கூடத் தெரியாத அந்த மனிதர்கள் சொன்னதை வைத்துத்தான் நான் எந்தப் பலகையை வாங்குவது, எதை விடுவது என்று முடிவெடுத்தேன். அந்த முடிவுகளில் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன.

என்னை இதற்குள் இழுத்து விட்டவர் ஒன்றுவிட்ட அண்ணை. ஊரில், வடமராட்சியில், சங்கக்கடையில் கணக்கு எழுதியவர். ஸ்காபரோவில் ஓர் அச்சகத்தில் இரவு வேலை. குளிர்காலம் என்றால் எங்கள் சனங்களுக்கு அது எப்படியாவது கழிந்து போக வேண்டிய ஒன்று. அந்த நாளில் பலகையைக் கூரையில் கட்டிக்கொண்டு 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போனவர்களைப் பார்த்து, "கை காலை முறிச்சுக்கொண்டுதான் வரப்போறியள்" என்று சொல்லாத மாமி இல்லை. அண்ணை அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். வேலை முடிந்து விடியற்காலை வந்து, தேநீர் குடித்துவிட்டு, "வெளிக்கிடடா தம்பி" என்பார்.

முதல் பலகையை அவரோடு போய்த்தான் வாங்கினேன். இலையுதிர் காலத்தில் பாடசாலை மண்டபங்களில் பழைய பனிச்சறுக்குச் சாமான்களின் விற்பனை நடக்கும். வரிசையாகச் சாத்தியிருந்த பலகைகளை எல்லாரும் நடுவில் கையை வைத்து அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணை என் கையைத் தட்டிவிட்டார்.

"கையாலை அமத்திப் பாத்து என்னத்தைக் கண்டனி? எல்லாப் பலகையும் வளையுந்தான். ஐஸிலை பிடிக்குதோ எண்டதுதான் கதை."

அவர் செய்தது வேறு. பலகையைச் சீமெந்துத் தரையில் படுக்க வைத்துக் குந்தியிருந்து, நடுவில் எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பார்த்தார். வெளிச்சம் தெரிந்தால் உள்வளைவு இன்னும் சாகவில்லை என்று பொருள். இரும்பு விளிம்பில் பெருவிரல் நகத்தை வைத்து முனையிலிருந்து முனைவரை இழுத்தார். துருவும் வெடிப்பும் நகத்தில் தட்டும். வால்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். உள்ளே மரமும் கண்ணாடி நாரும் பிரிந்திருந்தால் அந்த இடம் வெறும் சத்தம் போடும். பிறகு என் சப்பாத்தைக் கழற்றச் சொல்லிப் பலகையின் இடுப்புக்குக் குறுக்கே வைத்தார். விரல்நுனி அதிகம் வெளியே நீட்டினால், சாய்ந்து திரும்பும்போது சப்பாத்து பனியில் இடித்து ஆளைத் தூக்கி எறியும். இவ்வளவும் பார்த்து முடித்த பிறகுதான் விலை கேட்டார்.

ஐஸ் என்று அவர் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒன்ராறியோவில் பகலில் இளகுகிற பனி இரவில் இறுகும். பாதிப் பனி இயந்திரம் துப்பியது. காலையில் வாரிவிட்ட சரிவு மதியத்துக்குள் வழிக்கப்பட்டு, அடியில் நீலமாய் ஐஸ் தெரியும். கொலராடோவிலோ பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ இடுப்பளவு தூள்பனியில் ஓடிப் பார்த்து மெச்சப்பட்ட பலகை இங்கே வந்தால் சில வேளை தலைகீழாக நடந்துகொள்ளும். 'டிரான்ஸ்வேர்ல்ட் ஸ்னோபோர்டிங்' சஞ்சிகையின் பலகை விமர்சனங்களை நாங்கள் மூலை தேயத் தேயப் படித்தோம். ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குத்தான் அண்ணையின் கொப்பி இருந்தது.

பேரேடு எழுதிய கை அல்லவா, கோடு போட்டு வைத்திருந்தார். பலகையின் பெயர், நீளம், அதில் ஏறியவரின் நிறை, சப்பாத்து அளவு, மலை, அன்றைய பனி, எத்தனை நாள் ஓடியது. கடைசியில் ஒன்றிரண்டு வரி. தான் ஓடியதை மட்டும் எழுதவில்லை. எங்களில் யார் எதை இரவல் வாங்கி ஓடினாலும் வீடு திரும்பும் காரில் கேட்டுக் கேட்டு எழுதுவார். ஒருமுறை ஒரே 156 சென்றிமீற்றர் பலகையில் அவரும் மச்சாளும் மாறி மாறி ஓடினார்கள். அவருக்கு 80 கிலோவுக்கு மேல், மச்சாளுக்கு 50தான். "மெத்தெண்டு இருக்கு, வேகத்திலை நம்பேலாது" என்று தன் வரியில் எழுதினார். அடுத்த வரியில் மச்சாள் சொன்னது: "மரக்கட்டை. என்ரை காலுக்கு அசையவே இல்லை." இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எது சரி என்று அவர் தீர்ப்பு எழுதவில்லை. பத்துக்கு எத்தனை என்று புள்ளி போட்டால் என்ன என்று கேட்டேன்.

"ஆருக்கடா புள்ளி போடுறது? பலகைக்கோ, ஏறின ஆளுக்கோ?"

பெரிய இடங்களிலும் வேலை இப்படித்தான் நடந்திருக்கிறது. 1965இல் மிச்சிகனில் ஷேர்மன் பொப்பன் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளை ஒன்றாகப் பூட்டித் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்தது ஒரு விளையாட்டுச் சாமான். 1977இல் வெர்மொண்டில் கொம்பனி தொடங்கிய ஜேக் பேர்ட்டன் காப்பென்ரரும் மற்றவர்களும் அதைப் பலகையாக்கினார்கள். அது நல்ல பலகையானது ஓடியவர்கள் திரும்பி வந்து குறை சொன்னதால். நான்கு தடவை உலக வாகை சூடிய கிரெய்க் கெலியின் சொல்லுக்கு பேர்ட்டன் அவ்வளவு காது கொடுத்தார். கெலி 2003 ஜனவரி 20ஆம் திகதி ரெவல்ஸ்ரோக் பக்கம் பனிச்சரிவில் இறந்தபோது எங்கள் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. அண்ணை அன்று வேலைக்குப் போகவில்லை. எங்கள் பலகைகளை நாங்கள் நேரில் பார்த்தேயிராத ஒருவர் முன்கூட்டியே ஓடிப் பார்த்துத் திருத்தியிருக்கிறார் என்ற நன்றி அவருக்கு இருந்தது.

1998இல் நகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டிங் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டு, விஸ்லரில் வசித்த கனடியர் ரொஸ் ரெபக்லியாற்றி தங்கம் எடுத்தார். கஞ்சாத் தடயம் என்று பறித்து, பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பரபரப்புக்குப் பிறகு மலையில் பலகைகள் பெருகின. சாமான் வகைகளும் பெருகின. காலை வைத்து மிதித்தால் பூட்டிக்கொள்ளும் பைண்டிங்குகள் அப்போதுதான் எங்கள் பக்கம் வந்தன. கடையில் எல்லாருக்கும் பிடித்தது. குனியவும் வேண்டாம், பட்டி இழுக்கவும் வேண்டாம். லிஃப்ட் நாற்காலியில் வேறு கதை கேட்டோம். சப்பாத்தின் அடியில் பனி அடைத்து இறுகினால் பூட்டு விழாது, உச்சியில் குந்தியிருந்து கிண்ட வேண்டும் என்றார்கள். நாங்கள் வாங்கவில்லை. சில வருடங்களில் அவை கடைகளிலிருந்தே மறைந்தன. 2017இல் பேர்ட்டன் வேறு விதமாக, விரல்பக்கம் இரண்டும் குதிக்காலில் ஒன்றுமாகப் பிடிக்கும்படி, அந்த யோசனையைத் திரும்பக் கொண்டுவந்தது. அதை ஓடிப் பார்த்திருக்கிறேன். நன்றாகவே இருக்கிறது.

உடுப்புக்கும் அண்ணையிடம் ஒரு சோதனை இருந்தது. காற்சட்டையில் 10,000 மில்லிமீற்றர் நீர்காப்பு என்று எழுதியிருக்கும். பெப்ரவரியில் மழை தூறும் ஒன்ராறியோவில், ஈரமான நாற்காலியில் நாள் முழுக்க ஏறி இறங்கும் ஒருவருக்கு அந்த இலக்கத்தால் என்ன தெரியும்? தமிழ்க் கடையில் இலவசமாகக் கிடைக்கும் வாரப் பத்திரிகையில் ஒரு தாளை மடித்துப் பின்பக்கத்துக்குள் வைத்துக்கொண்டு போவார். பின்னேரம் எடுத்து விரித்தால் எந்தத் தையலில் தண்ணீர் வந்தது என்று தாள் காட்டும். அதுவும் கொப்பியில் ஏறும்.

இரவில் பேஸ்மென்றில் மெழுகு வேலை. பழைய ஸ்திரிக்கைப் பெட்டி ஒன்று அதற்கென்றே இருந்தது. பலகையைக் கவிழ்த்து, அடியில் பட்ட கல் வெட்டுகளுக்குப் பொலித்தீன் குச்சியைக் கொளுத்தி, சுவாலை நீலமாகச் சிறுக்கும்வரை பலகைக்குக் கிட்டப் பிடித்து, பிறகுதான் சொட்ட விடுவார். சுவாலை உயர்ந்தால் கரி கலந்து ஒட்டாது. ஆறிய பிறகு இரும்புத் தகட்டால் சீவுவார். அதன் மேல் அன்றைய குளிருக்கு ஏற்ற மெழுகு. விலை கூடிய, தூளை அழுத்திச் செய்த அடி மெழுகைக் குடித்துக்கொண்டே இருக்கும். உருக்கி இழுத்த மலிவு அடி அவ்வளவு குடிக்காது, ஆனால் வெட்டுப்பட்டால் இலகுவில் திருத்தலாம். பலகையின் மேலே ஏறி ஓடியவருக்குத் தெரியாததைக் கீழே துடைத்தவர் சொல்வார். அண்ணி மேலிருந்து, "அந்த மணத்தை நிப்பாட்டுங்கோ, பிள்ளையள் படுக்கேலாது" என்று சத்தம் போடும்வரை அது நடக்கும்.

எங்கள் கடைக்காரத் தம்பி ஒருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கியூபெக்கிலிருந்து வந்தவன். ஒரு பலகையைக் கேட்டால் உடனே எடுத்துத் தர மாட்டான். எங்கே ஓடுகிறாய், எத்தனை நாள் ஓடுவாய், போன பலகையில் எது பிடிக்கவில்லை என்று கேட்பான். விலை குறைந்ததே போதும் என்று என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். வாஷிங்டன் மாநிலத்து லிப் டெக்காரர் விளிம்பை அலையலையாக வெட்டிப் பலகை செய்தபோது, அது ஐஸுக்கு நல்லது என்று முதலில் சொன்னவனும் அவன்தான். தன் சொந்தப் பலகையைத் தந்து ஓடிப் பார்க்கச் சொன்னான். அண்ணை போனார், வந்தார், "பிடிக்குது" என்று ஒற்றைச் சொல்லில் எழுதினார். அந்தக் கொப்பியில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

எல்லாம் போய்விட்டது. அண்ணையின் முழங்கால் தேய்ந்து, பலகைகளை மருமக்களுக்குக் கொடுத்துவிட்டார். கொப்பிகள் வீடு மாறியபோது தொலைந்தன. கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். சஞ்சிகை நின்றுவிட்டது. ஜேக் பேர்ட்டன் 2019 நவம்பரில் காலமானார். நாற்காலியில் இப்போது எல்லார் தலையிலும் தலைக்கவசம். தலை தப்பும் என்பதால் அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதற்குள் பாட்டு ஓடுகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க முடியவில்லை.

போன குளிர்காலம் மகளுக்குப் பலகை வாங்கப் போனோம். அவள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. ஒவ்வொரு பலகைக்கும் நேராகப் புள்ளி. யார் ஓடினார், அவருடைய நிறை என்ன, தூள்பனியா ஐஸா, ஒரு காலை ஓடினாரா ஒரு பருவம் ஓடினாரா, காசு கொடுத்து வாங்கினாரா, கொம்பனி கொடுத்ததா என்று எதுவும் அதில் இல்லை. நிறையும் சப்பாத்து அளவும் முதல் வரியிலேயே சொல்லித் தொடங்குகிற நல்ல எழுத்துகளும் உண்டு. தேடித் தேடிப் படித்து, அவற்றில் ஒன்றை வைத்துத்தான் கடைசியில் வாங்கினோம். புள்ளியை நம்பி வாங்கியிருந்தால், 80 கிலோ ஆண் ஒருவருக்குப் பொருந்துகிற பலகை 52 கிலோப் பிள்ளையின் காலில் இருந்திருக்கும்.

மலைக்குப் போகிறவர்களிடம் கேட்கிறேன். வாங்கிய அன்றே எழுதாதீர்கள். ஒரு பருவம் ஓடுங்கள். விளிம்பு மழுங்கிய பிறகு, மெழுகு காய்ந்த பிறகு, ஒரு கெட்ட ஐஸ் நாளிலும் ஒரு மழை நாளிலும் ஓடிய பிறகு எழுதுங்கள். உங்கள் நிறையையும் கால் அளவையும் மலையின் பெயரையும் சேருங்கள்; குறையை முதலில் சொல்லுங்கள். ஒரே பலகையில் பல குளிர்காலம் ஓடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள்தான் ஒன்றும் எழுதுவதில்லை. அவர்கள் முதலில் எழுத வேண்டும்.