மணப்பாட்டு முற்றத்தில் ஒரு பகல்

திருச்செந்தூரிலிருந்து கடலோரமாகத் தெற்கே செல்லும் பேருந்தில் ஏறிச் சுமார் 18 கிலோமீட்டர் சென்றால் மணப்பாடு. கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்றும், அதன் உச்சியில் 1581ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற திருச்சிலுவைக் கோவிலும் தொலைவிலேயே கண்ணில் பட்டுவிடும். 1542இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிய குகையும் அக்குன்றிலேயே உள்ளது. இவற்றைக் குறித்து என்னிலும் வல்லவர்கள் எழுதியிருக்கிறார்கள். செப்டம்பர்த் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் செல்லும் வாசகர்களுக்கு நான் புதிதாகக் கூற ஒன்றுமில்லை. இம்முறை நான் குன்றின் மேல் ஏறவுமில்லை. கோவிலுக்குச் செல்லும் வழியில் ஒரு வீட்டின் முற்றத்தில் அமர்ந்தவன், மாலை வரையில் எழவில்லை.

அவ்வீட்டு மருமகள் தூத்துக்குடிப் பெண். நான் அந்நகரில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த நாளில் என் கையால் புதுநன்மை வாங்கியவள். இக்கரையின் பல வீடுகளைப் போலவே அவ்வீட்டிலும் ஆண்மகன் சரக்குக் கப்பலில் பணியாற்றுகிறான். புறப்பட்டுப் போனால் திரும்ப எட்டு ஒன்பது மாதங்கள் ஆகும். வீட்டில் இருப்பவர்கள் மாமியார், மருமகள், இரண்டு வயது நிரம்ப இன்னும் சில வாரங்களே உள்ள ஒரு சிறுவன், இம்மூவர்தாம். "பிள்ளையைப் பார்க்க ஒரு தடவை வாங்க சாமி" என்று அவள் மூன்று முறை சொல்லியனுப்பியும் நான் போகாதிருந்தேன்.

முற்றத்தில் நிழல் விழும் பக்கமாகப் பாய் விரித்து ஆச்சி ஓலை முடைந்துகொண்டிருந்தார். மணப்பாட்டுப் பெண்களின் பனையோலை வேலைப்பாடு வெளியூர்களிலும் பெயர் பெற்றது. செய்யும் விதத்தை அன்றுதான் அருகிலிருந்து பார்த்தேன். பனையின் விரியாத குருத்தோலையை வெட்டி வெயிலில் உலர்த்துகிறார்கள். ஈர்க்கை நீக்கிவிட்டு ஓலையை ஒரே அகலமுள்ள நறுக்குகளாக வாரி எடுக்கிறார்கள். வண்ணம் வேண்டுமானால் கொதிக்கும் சாய நீரில் இட்டு எடுத்து மீண்டும் உலர்த்த வேண்டும். முடையத் தொடங்கிய பின் கண் கையைப் பார்ப்பதே இல்லை. ஆச்சியின் கண்கள் பேரனைவிட்டு நகரவில்லை, விரல்களோ தம் வேலையைத் தாமே செய்துகொண்டிருந்தன. நாள் முழுதும் உழைத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகையை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. திருவிழாவில் பெட்டி வாங்கும் நாம் பேரம் பேசாமல் வாங்கலாம்.

சிறுவன் பாயின் ஓரத்தில் அமர்ந்து தன் தொழிலைச் செய்துகொண்டிருந்தான். கழிவு நறுக்குகளை ஒரு சிறு பெட்டிக்குள் இடுவான், மூடுவான், திறப்பான், கொட்டுவான், மறுபடியும் இடுவான். இதை நாற்பது முறையேனும் செய்திருப்பான். சாயப் பானையையும் கத்தியையும் மாத்திரம் அவனுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருந்தார்கள். அவன் கையில் ஆச்சி முடைந்து தந்த ஓலைக் கிலுக்கு ஒன்று இருந்தது. உள்ளே என்ன போட்டீர்கள் என்றேன். "புளியங்கொட்டைதான் சாமி. குன்றிமணி அழகாத்தான் இருக்கும், ஆனா விஷமாச்சே. பிரிச்சுப் பாக்கிற பயல்" என்றார். கிலுக்கின் பின்னலை இழுத்துப் பார்த்தேன். ஒரு கொட்டைகூட வெளியே வராதபடி அத்தனை இறுக்கம்.

இதற்குள் அடுக்களையிலிருந்து முட்டை அடிக்கும் ஓசை கேட்டது. தூத்துக்குடிப் பெண் அல்லவா, நான் வருகிறேன் என்றதும் மக்ரூன் போடத் தொடங்கிவிட்டாள். போர்ச்சுக்கீசியர் வழியாக வந்ததாகக் கூறப்படும் இப்பண்டத்தில் மேலைநாட்டார் சேர்க்கும் வாதுமைப் பருப்புக்குப் பதிலாக நம்மவர் முந்திரிப் பருப்பைச் சேர்த்தார்கள். முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, இம்மூன்றே பொருள். ஆனால் வெள்ளைக்கருவில் மஞ்சள் ஒரு துளி கலந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை சிறிது இருந்தாலும் நுரை எழும்பாது. நுரை கெட்டியான பின் பொடித்த முந்திரியை அமுக்காமல் கலந்து, காகிதக் கூம்பில் நிரப்பிச் சிறு கோபுரங்களாகத் தட்டில் பிழிய வேண்டும். விறகு அடுப்பு வைத்திருக்கும் பேக்கரிக்காரர்கள் ரொட்டி சுட்டு முடித்த பின் எஞ்சிய இளஞ்சூட்டில் இரவெல்லாம் வைத்திருப்பார்கள். இவளிடம் இருப்பது சிறிய மின்சார அடுப்பு. அதையே மிகக் குறைந்த சூட்டில் வைத்துப் பொறுமையாகக் காத்திருக்கிறாள். உப்புக்காற்று வீசும் ஊராகையால், ஆறியவுடன் தகர டப்பாவில் அடைக்காவிட்டால் மொறுமொறுப்பு போய்விடுமாம்.

முந்திரிப் பருப்பை எண்ணி எடுத்து வைக்கும் வேலை சிறுவனுக்கு. எண்ணுபவள் தாய். அவன் எடுத்துத் தருவான். "ஒண்ணு, ரெண்டு" என்று அவள் சொல்லிவிட்டு அவன் வாயைப் பார்த்துக் காத்திருப்பாள். அவன் சிரித்துவிட்டு அடுத்த பருப்பை நீட்டுவான். அந்தக் காத்திருப்பில் ஏதோ ஒன்று என்னை உறுத்தியது. கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். பிள்ளைக்கு ஐந்தாறு சொற்களே வருகின்றன. இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லவேண்டும் என்கிறார்கள். மருத்துவர் காதைச் சோதித்துப் பார்த்துக் குறையில்லை என்றாராம். கைபேசியைக் கையில் கொடுக்காதீர்கள், ஓயாமல் பேசுங்கள், படப்புத்தகம் காட்டிப் பேசுங்கள் என்று சொல்லி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னாராம்.

மருத்துவர் கூறியது சரியே. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட நெறிமுறையும், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைவதே நன்று என்கிறது. நானும் அதைப் படித்திருந்தேன். ஆகவே சற்றும் யோசியாமல், மறையுரை ஆற்றிப் பழகிய குரலில், "அந்தக் கைபேசியை வீட்டைவிட்டே விலக்கிவிடு, மகளே" என்றேன்.

அவள் பதில் பேசவில்லை. முற்றத்திலிருந்து ஆச்சியின் குரல் வந்தது.

"அப்போ அவன் அப்பனையும் விலக்கிரணுமா சாமி? பய பொறந்ததுலேருந்து அப்பன் மூஞ்சியப் பாத்ததெல்லாம் பாதிக்கு மேல அதுலதான்."

வாசகர்களே, குடும்ப வாழ்வைக் குறித்து நான் இருபத்தைந்து ஆண்டுகளாக அறிவுரை கூறி வருகிறேன். அன்று அந்த ஆச்சிக்கு மறுமொழி கூற என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

என் மௌனத்தைச் சிறுவன் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டான். என் பையில் தமிழ் அச்சுக்கலையைப் பற்றிய நூல் ஒன்று இருந்தது. இக்கரையில் நெடுங்காலம் பணியாற்றிய அண்ட்ரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட "தம்பிரான் வணக்கம்" நூலின் முதற்பக்கப் படம் அதில் உண்டு. எழுந்து பார்ப்பதற்குள் அந்தப் பக்கம் பாதியாகக் கிழிந்து ஒரு துண்டு அவன் வாயில் இருந்தது! தாய் பதறிக் கையை ஓங்கினாள். ஆச்சியோ வாயிலிருந்ததைப் பதமாக விரல் விட்டு எடுத்துத் துடைத்து, பழைய சோற்றைப் பிசைந்து பசையாக்கி, கிழிந்த இரு பகுதிகளையும் இழை பொருந்த ஒட்டினார். "கிழிச்சாத்தானே எய்யா இது கிழியுமுன்னு ஒனக்குத் தெரியும். ஓலை கிழியாது பாத்தியா" என்று ஒரு நறுக்கை அவன் கையில் கொடுத்தார். ஓலையில் எழுதி வந்த தமிழ் காகிதத்துக்கு மாறியது பற்றி நான் அந்நூலில் படித்ததைவிட அந்த ஒட்டு எனக்கு மிகுதியாகக் கற்பித்தது. அந்தப் பக்கத்தை இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் அவர்கள் தாமாகவே ஒரு வழி கண்டிருந்தது தெரியவந்தது. வீட்டில் ஒரு பூனைக் கதைப் படப்புத்தகம் உண்டு. எண்ணிப் பார்த்தேன், 16 பக்கம். தமிழ் எழுத்தில் அச்சான அந்த முதல் நூலும் 16 பக்கமே. இந்தப் பூனைக் கதையின் இன்னொரு படி தகப்பனிடம் கப்பலில் இருக்கிறது. சென்ற முறை புறப்பட்டபோது மனைவி அவனுடைய பெட்டியில் துணிகளுக்கிடையில் வைத்து அனுப்பினாள். தொடர்பு கிடைக்கும் நாளில் கைபேசியை அலமாரித் தட்டில் எட்டாதவாறு சாய்த்து வைக்கிறார்கள். அங்கே அவன் வாசிக்கிறான், இங்கே இவள் பக்கத்தைப் புரட்டுகிறாள். பிள்ளையின் கண் புத்தகத்தில், காது தகப்பனிடம். இருபது நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். தாய் அட்டைகளை வெட்டி நூலால் தைத்துச் செய்த மற்றொரு புத்தகமும் உண்டு. அதில் தகப்பனின் படம், அவனுடைய தொப்பி, கப்பல், அவன் வீட்டில் உண்ணும் தட்டு ஆகியவை ஒட்டப்பட்டிருந்தன. அதன் அட்டை ஆச்சி முடைந்த சிவப்பு ஓலை.

அன்று வியாழக்கிழமை. மாலை ஆறரைக்கு அழைப்பு வந்தது. நானும் ஒரு மூலையில் அமர்ந்திருந்தேன். கப்பல் இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே, "பூனை எங்கே போச்சு?" என்று அந்த இளைஞன் வாசித்தான். நான்காம் பக்கமோ ஐந்தாம் பக்கமோ, குரல் அறுந்தது. தாய் பக்கத்தைப் புரட்டாமல் காத்திருந்தாள். ஆச்சியின் விரல்களும் நின்றன. சிறுவன் படத்தைப் பார்த்தான், அலமாரியைப் பார்த்தான், மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

"பூன வா" என்றான்.

பூனையைத்தான் கூப்பிட்டான் என்றார் ஆச்சி. தகப்பனைத்தான் என்றாள் தாய். ஒரே சொல்லாகச் சொன்னானா, இரண்டாகவா என்று என்னைக் கேட்டார்கள். எனக்கு இரண்டாகத்தான் கேட்டது. ஆனால் முற்பகலில் அடைந்த அனுபவத்தால், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றேன். கடைசிப் பேருந்துக்கு நான் எழுந்தபோது, மருத்துவரிடம் காட்டுவதற்காக அவள் சுவரிலிருந்த நாட்காட்டியில் அந்தத் தேதிக்குக் கீழே பென்சிலால் அந்தச் சொற்களை எழுதினாள். சற்று யோசித்துவிட்டு, அருகில் ஒரு கேள்விக்குறியும் இட்டாள்.