கோட்டாறு திருவிழாவில் என்ன வாங்கித் தின்னலாம்?



டிசம்பர் 3 என்றால் நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். உள்ளூர் விடுமுறை அல்லவா! 1552-ஆம் ஆண்டு இதே நாளில்தான் புனித சவேரியார் இறந்தார். அவர் பெயரில் நாகர்கோவில் கோட்டாறில் இருக்கும் பேராலயத்தில் பத்து நாள் திருவிழா நடந்து அன்றுதான் முடியும். எல்லா மதக்காரரும் வருவார்கள். "பாதிப் பேரு சாமி கும்பிட, பாதிப் பேரு கடை பாக்க" என்று என் பாட்டி சொல்வாள். நான் இரண்டுக்கும் போனேன். ஆனால் இங்கே எழுதப் போவது கடையைப் பற்றி.

2024 டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை. என் கூட்டுக்காரியும் அவள் அம்மாவும் கூப்பிட்டார்கள். கருங்கல்லில் பஸ் ஏறி, திங்கள்சந்தை வழியாக நாகர்கோவில் போய் இறங்கினோம். எங்களுக்கு பஸ் பாஸ் உண்டு. சாதாரண டவுண் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. ஆகவே பஸ் செலவு பூஜ்யம். கையில் 150 ரூபாய். அவ்வளவும் வாய்க்குத்தான் என்று முடிவு செய்திருந்தேன்.

முதலில் டெல்லி அப்பளம். டெல்லிக்காரர்களுக்கு இப்படி ஒரு அப்பளம் உண்டு என்று தெரியுமோ என்னவோ! முகத்தையே மறைக்கும் அளவு பெரிசு. மேலே மிளகாய்ப் பொடியைத் தூவித் தருவார்கள். விலை 40 ரூபாய். வாங்கின உடனே தின்று விட வேண்டும். கூட்டுக்காரி ராட்டினம் பார்த்துக் கொண்டே நின்றாள். அவளுடையது நமுத்துப் போய் துணி மாதிரி தொங்கிற்று. டெல்லி அப்பளத்தைப் பொறுத்தவரை என் கருத்து: பார்க்க 10 மதிப்பெண், தின்ன 5 மதிப்பெண்.

அடுத்து மிளகாய் பஜ்ஜி. இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். தட்டில் குவித்து வைத்திருப்பதை வாங்கக் கூடாது. சட்டியில் கிடப்பது வெந்து வரும் வரை நின்று வாங்க வேண்டும். எண்ணெய் கறுத்துப் போயிருந்தால் அந்தக் கடைப் பக்கமே போகக் கூடாது. அன்று மூன்று கடை தாண்டி நாலாவது கடையில்தான் வாங்கினோம். "நீ என்ன சுகாதார அதிகாரியா பிள்ளே?" என்று கூட்டுக்காரி கேலி செய்தாள். ஆனாலும் தின்றாள்.

பேரீச்சம்பழம் மலை மாதிரி குவித்துப் போட்டிருப்பார்கள். ஈ மொய்க்கும். மூடி வைத்திருக்கிற கடையில் வாங்கினால் வீட்டுக்குக் கொண்டு போகலாம். ஏத்தங்காய் சிப்ஸ் நம் ஊரிலேயே கிடைக்கும், அதற்காக அங்கே காசு போட வேண்டாம்.

அடுத்து ரசவடை. அது திருவிழாக் கடையில் இல்லை, சாயாக்கடையில் கிடைக்கும். பருப்பு வடையைச் சூடான ரசத்தில் ஊறப் போட்டுத் தருவார்கள். வடை நன்றாக ஊறவும் வேண்டும், உடையவும் கூடாது. குளிர் தொடங்குகிற நேரத்தில் அந்த ரசத்தைக் கடைசிச் சொட்டு வரை குடித்தால் மூக்கில் நீர் வரும். இதற்கு 9 மதிப்பெண்.

அப்படியானால் 10 மதிப்பெண் எதற்கு? முந்திரிக்கொத்துக்கு.

முந்திரிக்கொத்து எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதில் முந்திரி கிடையாது என்பதை யோசித்திருக்கிறீர்களா? நாம் அண்டிப்பருப்பு என்று சொல்கிறோமே, அது ஒன்று கூட அதில் கிடையாது. முந்திரி என்றால் திராட்சை என்றும் பொருள். மலையாளத்தில் இன்றும் அப்படித்தான். மூன்று உருண்டை சேர்ந்து திராட்சைக் கொத்து மாதிரி இருப்பதால் இந்தப் பெயர்.

சிறுபயறை வறுத்துத் திரிக்க வேண்டும். தேங்காய்த் துருவலையும் எள்ளையும் வறுத்து, ஏலமும் சுக்கும் பொடித்துச் சேர்க்க வேண்டும். சர்க்கரையைப் பாகு காய்ச்சி ஊற்றி, கை பொறுக்கிற சூட்டிலேயே உருட்ட வேண்டும். ஆறினால் உதிர்ந்து விடும். பிறகு பச்சரிசி மாவில் மஞ்சள் பொடி கலக்கிக் கரைத்து, மூன்று மூன்றாக முக்கிப் பொரித்து எடுக்க வேண்டும். பல நாள் கெடாது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அம்மா செய்வாள். திருவிழாவுக்கு முன் இரண்டு ராத்திரி உட்கார்ந்து 100 கொத்து செய்தாள். எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வருடா வருடம் கோட்டாறில் கடை போடுவார். அவர் ஒன்றுக்கு 12 ரூபாய் கொடுத்து வாங்கிப் போனார்.

அந்தக் கடை முன்னால்தான் நாங்கள் போய் நின்றோம். "வீட்டுல செஞ்சது, வீட்டுல செஞ்சது!" என்று அவர் கூவிக் கொண்டிருந்தார். ஒன்று 20 ரூபாய். கூட்டுக்காரியின் அம்மா நாலு வாங்கினார். கூட்டுக்காரி ஒரு கடி கடித்து விட்டு, "எம்மா! இதுதாம் இன்னைக்கு பெஸ்ட்" என்றாள். கறுப்பு எள்ளும் கொஞ்சம் கூடுதலான சுக்கும் பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்து விட்டது. அது என் அம்மா கை.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "மக்ளே, நீயா! உனக்க அம்மை..." என்று தொடங்கினார். நான் சட்டென்று பலூன்காரரைப் பார்ப்பது போலத் திரும்பிக் கொண்டேன். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மேலே பேசவில்லை.

"நீயும் ஒண்ணு தின்னு பிள்ளே" என்று மாமி நீட்டினார்.

"வேண்டாம் மாமி, எனக்கு முந்திரிக்கொத்து பிடிக்காது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஆறாம் வகுப்பில் ஒரு நாள் அம்மா அண்டி ஆபீஸிலிருந்து நேரே என்னைக் கூப்பிட வந்தாள். அண்டி உடைத்து உடைத்து அவள் விரல் கறுத்திருக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது. அன்று யாரோ மூக்கைப் பொத்திக் கொண்டார்கள். யார் என்று இங்கே எழுத மாட்டேன். அதற்குப் பிறகு அம்மா வேலைக்குப் போகிறாள் என்றே நான் யாரிடமும் சொன்னதில்லை. 'இது என் அம்மா செய்தது' என்று சொன்னால், அந்தக் கையை நினைத்து கூட்டுக்காரி துப்பி விடுவாளோ என்று பயந்தேன்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "நம்ம பண்டம் போச்சா மக்ளே?"

"போச்சு. எனக்க கூட்டுக்காரி ரெண்டு தின்னா. அதுதான் பெஸ்ட்டுன்னு சொன்னா."

அம்மா சிரித்தாள். "ஆரு செஞ்சதுன்னு சொன்னியா?"

நான் பேசவில்லை. அம்மாவும் அதற்கு மேல் கேட்கவில்லை. சோறு போட்டுத் தந்தாள். அந்தச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். பயறு 300, சர்க்கரை 150, தேங்காய் 100, அரிசி 40, எண்ணெய் 200, எள்ளு ஏலம் சுக்கு 60. மொத்தம் 850. விறகு எங்கள் தென்னை தந்தது. கிடைத்தது 1200. பகலெல்லாம் அண்டி உடைத்து விட்டு இரண்டு ராத்திரி விழித்ததற்கு மிச்சம் 350 ரூபாய். கடைக்காரருக்கு 800. அவரைக் குறை சொல்ல முடியாது, கடை வாடகை உண்டு, மிஞ்சினால் நஷ்டமும் அவருக்குத்தான். ஆனால் செய்தது யார் என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு எந்தச் செலவும் கிடையாது. அதைக் கூட நான் தரவில்லை.

அதனால்தான் எல்லாரும் படிக்கிற இந்தச் சுவரில் எழுதுகிறேன். கூட்டுக்காரியே, நீ தின்றது என் அம்மா செய்தது. அவள் பகலில் அண்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். எனக்கு முந்திரிக்கொத்து ரொம்பப் பிடிக்கும்.

அடுத்த வருடம் நீங்களும் கோட்டாறு போங்கள். சூடாக இருப்பதைத் தின்னுங்கள், எண்ணெயைப் பாருங்கள். "இதை ஆரு செஞ்சது?" என்று ஒரு தடவை கேளுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. கிறிஸ்துமஸுக்கு அம்மா மறுபடியும் செய்கிறாள். கடைக்காரருக்கு 12 ரூபாய்தான், உங்களுக்கு 15. வேண்டியவர்கள் அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள் ஒன்பதாம் வகுப்பில் வந்து என்னிடம் சொல்லவும். ஆசிரியர்களும் சொல்லலாம்.