பத்து ஷீப், எட்டு யானை

சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். இங்கிலீஷ் இலக்கணம் எனக்கு விளங்கியது நன்னூலால். காஞ்சிபுரம் செவிலிமேட்டில் சாயங்கால டியூஷன் எடுக்கிறவன் இதை வெளியே சொன்னால் அடுத்த மாதம் பிள்ளைகள் குறைந்துவிடும்.

'ஷீப்'புக்கு ஏன் 'எஸ்' போடக்கூடாது என்று கேட்டால், "விதிவிலக்கு, மனப்பாடம் பண்ணு" என்பதுதான் எனக்குப் பள்ளியில் கிடைத்த பதில். பின்னாளில் தபாலில் தமிழ் எம்.ஏ. படித்தபோது, நன்னூலை எழுதிய 13ஆம் நூற்றாண்டுப் பவணந்தி 'பால்பகா அஃறிணைப் பெயர்' என்று ஒன்றைக் காட்டினார். மாடு வந்தது, மாடு வந்தன, இரண்டும் சரி. ஒன்றா பலவா என்பதை வினை சொல்லிக்கொள்ளும். பேச்சில் அந்தக் கவலையும் கிடையாது. பாலாற்றங்கரையில் 'பத்து மாடு மேயுது'. முந்தானைக்கு டிசைன் சொல்கிற தறிக்காரர் 'எட்டு யானை, நடுவுல ரெண்டு அன்னம்' என்பார். 'யானைகள்' என்று அவர் வாயில் வராது.

ஷீப்பும் மானைக் குறிக்கும் டியரும் இந்த ஜாதிதான். பழைய ஆங்கிலத்திலேயே ஒருமைக்கும் பன்மைக்கும் அவற்றுக்கு ஒரே வடிவம். இதைச் சொன்னதும், "நம்ம வீட்ல பேசற மாதிரியே இருக்கு சார்" என்றாள் ஒருத்தி. அன்றிலிருந்து 'ஷீப்ஸ்' குறைந்தது.

கூஸ், கீஸ் ஆவது வேறு கதை. எப்போதோ பன்மை விகுதியில் இருந்த இகரம், முன்னிருந்த உயிரைத் தன் பக்கம் இழுத்து மாற்றிவிட்டுத் தான் உதிர்ந்துபோனது. அப்படியானால் மங்கூஸ் ஏன் மங்கீஸ் ஆகவில்லை? அது நம் கீரிப்பிள்ளை. மராத்திப் பெயரோடு 17ஆம் நூற்றாண்டு வாக்கில் கப்பலேறியது. அந்த மாற்றம் நடந்து முடிந்து ஏறக்குறைய ஆயிரம் வருஷம் கழித்து! கூஸுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எனக்குப் பிடித்த பாடம் இது. சிலபஸில் இல்லாததையும் ஒரு மணி நேரம் இழுப்பேன்.

கூட்டப் பெயர்களில்தான் தகராறு. வைகாசி கருட சேவைக்குக் காஞ்சியில் எத்தனை ஆயிரம் பேர் திரண்டாலும் நமக்குக் கூட்டம் 'அலைமோதுது', ஒருமை. போலீஸ் என்றால் 'வந்தாங்க'. அமெரிக்கர்கள் 'டீம் இஸ்' என்பார்கள். பிரிட்டிஷார் ஆட்களை மனசில் வைத்தால் 'டீம் ஆர்' என்பார்கள். கிரிக்கெட்டில் 'இந்தியா ஆர்' என்று காதில் விழுவது அந்த வழக்கம்தான். பரீட்சையில் 'இஸ்' எழுது, மேட்ச் பார்க்கும்போது கமென்ட்டரிக்காரரைத் திருத்தாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டாவதை எவனும் கேட்பதில்லை.